இடது கண்ணுக்குத் தெரிந்த சுவர்

அடி அண்ணாமலை
2.6.2025

அக்கா மகள் தமிழ்செல்விக்கு,

உன் தாய்மாமன் சகாதேவன் எழுதறது. சுகமா இருக்கியான்னு கேக்கறதுக்கு இந்தக் கடுதாசி இல்ல. அடுத்தவன் மனையில ஒன்றரை அடி தின்னுட்டவ சுகமா இல்லாம வேற எப்படி இருப்பா?

போன்லதான் கேக்கலாம்னு பாத்தேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணிட்டன்னு பக்கத்துக் கடை வல்லரசு போனை வாங்கிப் பாத்துட்டு சொன்னான். அதுவும் நல்லதுதான். போன்ல பேசினா காத்தோட போயிடும், எழுத்துல இருந்தா கோர்ட்டுல நிக்கும். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன், சட்டம் தெரியும். நீயும் எழுத்துலயே பதில் போடு.

விஷயம் இதுதான். உன் மனைக்கும் என் மனைக்கும் நடுவுல நீ எழுப்பியிருக்கிற காம்பவுண்டு சுவர் நேரா இல்ல. சாரைப்பாம்பு மாதிரி நெளியுது. நேத்து காலையில சுவர் முனையில குந்தி, வலது கண்ணை மூடி, இடது கண்ணால பாத்தேன். தெக்குப் பக்கம் என் மனைக்குள்ள வயித்தைத் தள்ளிகினு நிக்குது. சாயந்திரம் பாத்தா வடக்குப் பக்கம் தள்ளிகினு நிக்குது! ஆள் வெச்சு பகல்லயே நவுத்துறியா?

என் இடது கண்ணைப் பத்தி உனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு முந்தி பெரிய தேரு, வீதி முனையில திரும்ப மாட்டேன்னு நின்னுடுச்சு. அஞ்சாயிரம் பேரு வடத்தைப் புடிச்சிகினு நிக்கறான். நான் இந்த இடது கண்ணால ஒரே ஒரு பார்வை பாத்து, "தெக்கால நாலு விரக்கடை"ன்னு கை காட்டினேன். தேரு கன்னுக்குட்டி மாதிரி திரும்பிச்சு. என் வலது கண்ணு சோம்பேறி, அழறதுக்கு மட்டும்தான் ஆகும். இடது கண்ணு ரசமட்டம்.

பத்து நாள் தரேன். சுவரை இடிச்சிட்டு நேரா கட்டு. இல்லன்னா ஆவணியில நீ வெச்சிருக்கிற கிரகப்பிரவேசத்துக்கு தாய்மாமன் சீர் வராது. மனுதான் வரும்.

இப்படிக்கு,
உன் காது குத்தும்போது மடி குடுத்த பாவி,
சகாதேவன்


கீழ்பென்னாத்தூர்
7.6.2025

மாமாவுக்கு,

"மாமா"ன்னு எழுதறது எங்க அம்மா சொல்லிக்குடுத்த மரியாதை. உங்களுக்காக இல்ல.

எழுத்துலயே பதில் கேட்டீங்க. எழுத்துன்னா முதல்ல திருத்தம் போட்டுடறேன், நான் டீச்சர். நீங்க எட்டாவது படிக்கல. அஞ்சாவதுல பரீட்சை அன்னிக்கு எகிறிக் குதிச்சு ஓடினீங்கன்னு அம்மா சொல்லும். தேர் திரும்பினது முட்டுக்கட்டை போட்டவங்களால. நீங்க அன்னிக்கு பொரி உருண்டை வாங்கப் போயிருந்தீங்க, அதையும் அம்மாதான் சொல்லும்.

இப்ப சுவர். அன்பரசன் மேஸ்திரி நூல் கட்டி, தூக்குகுண்டு போட்டு, வரிக்கு வரி ரசமட்டம் வெச்சு எழுப்பின சுவர் அது. அந்த மனை எங்க அம்மா கன்னியம்மாளோட பங்கு. தாத்தா உயிரோட இருக்கும்போதே பிரிச்சுக் குடுத்தது. அம்மா சாகற வரைக்கும் "தம்பி மனசு நோகக் கூடாது"ன்னு அதுல ஒரு கீத்துக் கொட்டாய் கூட போடல. நான் போட்டேன். உடனே நான் திருடி.

பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில, கிரிவலம் வர்றவங்க கிட்ட கூட "அக்கா மக என் நெலத்தைத் தின்னுட்டா"ன்னு சொல்லிட்டு இருக்கீங்களாம். என் ஸ்கூல்ல கூட வேலை பாக்கற டீச்சர் ஒருத்தங்க காதுக்கே வந்துடுச்சு. இதை நான் விட மாட்டேன் மாமா. ஊர் பாக்க, என் சுவருக்கு முன்னாடி நின்னு, "இது நேரா இருக்கு, நான் சொன்னது தப்பு"ன்னு உங்க வாயால சொல்ல வைப்பேன். அது வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லன்னு வெச்சுக்கங்க.

சீர் வேணாம். அத்தையைக் கேட்டதா சொல்லுங்க.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
17.6.2025

தமிழ்செல்விக்கு,

நேத்து திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல மனு குடுத்துட்டேன். அங்க எனக்கு நடந்த மரியாதையை நீ பாத்திருக்கணும். என்னைப் பாத்ததும் கலெக்டரு எழுந்து நின்னு, "நீங்கதான் அந்த தேரு சகாதேவனா?"ன்னு கேட்டாரு. நான் "ஆமாங்க, உக்காருங்க"ன்னேன். உக்காந்தாரு.

அப்புறம் ஊருக்கு வந்து, கடப்பாரையை எடுத்து, உன் சுவர்ல நாலு அடி இடிச்சிட்டேன். ஒத்தை ஆளா. வயித்தைத் தள்ளிகினு நின்ன இடம் எதுவோ அதை மட்டும்தான். என் வயசு எழுபத்தி ரெண்டு. மூணே குத்து. கல்லு பறந்து ரோட்டுக்கு அந்தாண்ட விழுந்துச்சு.

உன் மேஸ்திரி ஒருத்தன்தான் கோணலா கட்டறான்னு நெனச்சேன். இல்ல, இந்த ஊருல எவனுமே நேரா வேலை செய்யறதில்ல. எங்க கடைக்கு எதிர்ல புதுசா நட்ட கரண்டு கம்பம் நடுவுல வளைஞ்சிருக்கு. ரேஷன் கடை ஷட்டர்ல கோடு கோடா இருக்குமே, அது அலை அடிக்குது. எங்க வீட்டு பாத்ரூம்ல ஒட்டின டைல்ஸ், அதுவும் கோணல். எல்லாத்தையும் இடது கண்ணால பாத்து உறுதிப்படுத்திட்டேன். மூணுக்கும் தனித்தனியா மனு எழுதிகினு இருக்கேன். ஊழல் ஜாஸ்தியாயிடுச்சு. இந்த ஊருல நேரா இருக்கறது நானும் மலையும்தான்.

மனு எழுதறதுல ஒரு பேஜாரு. வரி நேரா இருக்கான்னு இடது கண்ணால பாத்தா எழுத்தெல்லாம் நடுவுல நடுவுல காணாமப் போவுது. இப்ப வர்ற பேனா எல்லாம் தரம் கம்மி.

உன்னால ஆனதைப் பாத்துக்கோ.

சகாதேவன்


கீழ்பென்னாத்தூர்
30.6.2025

மாமாவுக்கு,

சுவரை வந்து பாத்தேன். அம்மா படத்தை மாட்டறதுக்குன்னு வாங்கி வெச்ச ஆணியைக் கையில வெச்சிகிட்டு, உடைஞ்ச கல்லு முன்னாடி அரை மணி நேரம் நின்னேன். அத்தை உங்க வீட்டு ஜன்னல்ல நின்னு என்னைப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. அவங்க கண்ணு செவந்து இருந்தது. நீங்க கடையில இருந்தீங்க. அதுவும் நல்லதாப் போச்சு, வீட்டுல இருந்திருந்தா கல்லு உங்க மேல பறந்திருக்கும்.

ஒத்தை ஆளா இடிச்சேன்னு எழுதினீங்க. வல்லரசு அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கூலிக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தீங்களாம். நீங்க நிழல்ல உக்காந்து பீடி புடிச்சிட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கை காட்டினீங்களாம். போன வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்து, சங்கிலி போட்டு அளந்து, "ஒரு அங்குலம் கூட தப்பு இல்ல"ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அவரையும் "நீயும் திருடன்"னு பஸ் ஏறற வரைக்கும் துரத்தினீங்களாம்.

போலீஸ்ல கம்ப்ளெயின்ட் எழுதி வெச்சிட்டேன். குடுக்கறதுக்கு முன்னாடி உங்க கடைசிக் கடிதத்தை ஆதாரத்துக்காக இன்னொரு தடவை படிச்சேன். படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. கம்பம், ஷட்டர், டைல்ஸ் எல்லாம் ஒரே மாசத்துல வளையுமா மாமா? காலையில தெக்குல இருந்த வீக்கம் சாயந்திரம் வடக்குல எப்படி வரும்? நீங்க எந்த இடத்தைப் பாக்கறீங்களோ அந்த இடம்தானே வீங்குது?

இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். என் கணக்கு கிளாஸ் கட்டம் போட்ட நோட்டுல கிழிச்சது. நட்ட நடுவுல கறுப்பு மையில ஒரு புள்ளி வெச்சிருக்கேன். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கங்க. பேப்பர் படிக்கிற தூரத்துல புடிங்க. வலது கண்ணை மூடி, உங்க பேர் போன இடது கண்ணால அந்தப் புள்ளியை மட்டும் பாருங்க. அத்தை பக்கத்துல இருக்கட்டும், சாட்சிக்கு.

கோடு எல்லாம் நேரா தெரிஞ்சா, மிச்ச சுவரை நானே இடிக்கறேன். எழுத்துல தரேன்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
5.7.2025

ஏ தமிழ்செல்வி,

மாமனை மடையன்னு நெனச்சிட்டியா?

வளைஞ்ச கோடு போட்ட தாளை அனுப்பிட்டு, "நேரா தெரிஞ்சா சுவரை இடிக்கறேன்"னு பந்தயம் கட்டறியே! நடுவுல கோடெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கிற மாதிரி நெளியுது. புள்ளி வெச்சேன்னு எழுதியிருக்க, புள்ளியே இல்ல. கட்டைவிரலால சாம்பலைத் தேச்ச மாதிரி ஒரு கறைதான் இருக்கு. நீ கட்டற சுவரும் கோணல், நீ பாடம் நடத்தற நோட்டும் கோணல். இந்த நோட்டுல கணக்கு போட்டு எந்தப் புள்ளை உருப்படும்? கல்வி அதிகாரிக்கு மனு எழுதத் தாளை எடுத்து வெச்சிட்டேன்.

உங்க அத்தை ரேணுகாம்பாள் கிட்ட தாளைக் காட்டினேன். "நேராதானே இருக்குது"ன்னா. அவளையும் நீ வளைச்சிட்ட. நாப்பத்தாறு வருஷம் என் கூட குடும்பம் பண்ணினவளை ஒரே ஒரு தாளை வெச்சு வளைச்சிட்ட. இதுக்கு உன்னை நான் சும்மா விடுவேனா? உன் கிரகப்பிரவேசத்து அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல மைக் செட்டு கட்டி, நீ சுவர் கட்டின கதையை முழுசா சொல்லப் போறேன். நல்லா சொல்லுவேன், எனக்குக் கதை சொல்ல வரும்.

சகாதேவன்


கீழ்பென்னாத்தூர்
8.7.2025

மாமா,

இதைச் சண்டையா படிக்காதீங்க. சண்டை இருக்கு, அது எங்கயும் போகாது. முதல்ல இதைப் படிங்க. உங்களால படிக்க முடியலன்னா அத்தையைப் படிக்கச் சொல்லுங்க.

அந்தத் தாள்ல கோடு நேராதான் இருக்கு. புள்ளியும் இருக்கு. உங்க இடது கண்ணுலதான் கோளாறு.

எனக்கு எப்படித் தெரியும்னா, என் மாமியார் ராஜம்மாளுக்கு இதே வந்தது. கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒரு சவ்வு இருக்கு. அதுல நட்ட நடுவுல ஒரு சின்ன இடம்தான் எழுத்தைப் படிக்கிறது, மூஞ்சியை அடையாளம் பாக்கறது, கோடு நேரா இருக்கான்னு பாக்கறது எல்லாம். வயசு ஆக ஆக அந்த இடம் தேஞ்சு போகும். சிலருக்கு அதுக்கு அடியில கெட்ட ரத்தக்குழாய் முளைச்சு, நீர் கசிஞ்சு, சவ்வு உப்பிக்கும். அப்பதான் நேரான கோடு வளையும். கம்பம் வளையும். சுவர் வயித்தைத் தள்ளும். நடுவுல பாக்கறது அழிஞ்சு போகும். ஓரம் மட்டும் நல்லா தெரியும், அதனாலதான் நீங்க எதுலயும் முட்டாம நடக்கறீங்க. வலி இருக்காது. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சிருந்தா நல்ல கண்ணு மூடி மறைச்சிடும். நீங்க சோம்பேறின்னு திட்டினீங்களே வலது கண்ணு, அதுதான் இத்தனை நாளா உங்களுக்கு வேலை பாத்திருக்கு.

இது கண்புரை இல்ல, கண்ணாடி மாத்தினா போறதும் இல்ல. என் மாமியார் "வயசானா அப்படித்தான்"னு எட்டு மாசம் சும்மா இருந்தாங்க. ரெண்டாவது கண்ணும் அப்படியே ஆச்சு. இப்ப தட்டோட விளிம்பு தெரியும், சோறு தெரியாது. நான் எதிர்ல நின்னா என் புடவை தெரியும், மூஞ்சி தெரியாது. நான் பேசின பிறகுதான் நான் யாருன்னு தெரியும். போன மாசம் என் பொண்ணு பூஜா பேசாம போய் எதிர்ல நின்னா, "யாருங்க, யார் வேணும்?"னு கேட்டாங்க. அது அன்னிக்கு முழுக்க அழுதது.

உடனே விழித்திரை பாக்கற டாக்டர்கிட்ட போங்க. நாளைக்கு இல்ல, இன்னிக்கே. கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்க. போன பார்வை முழுசா வராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் போகும். பீடியை விடுங்க, அதுவும் இதுக்கு ஒரு காரணம்.

என்னமோ பாசத்துல சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. நீங்க கண்ணு தெரியாம வந்து, யாரோ கையைப் புடிச்சிகிட்டு, "மன்னிச்சுடும்மா"ன்னு சொன்னா எனக்கு என்ன பழி தீரும்? ஊரே "பாவம் கிழவன்"னு சொல்லும். என்னை ராட்சசின்னும். எனக்கு அது வேணாம். நீங்க கண்ணால என் சுவரைப் பாக்கணும். நேரா இருக்கறதைப் பாக்கணும். பாத்துட்டு வாயைத் திறந்து சொல்லணும். அதுக்கு ஒரு கண்ணாவது மிச்சம் இருக்கணும்.

போலீஸ் கம்ப்ளெயின்ட் பீரோவுலதான் இருக்கு. இன்னும் குடுக்கல.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
22.7.2025

தமிழ்செல்விக்கு,

நீ சொன்னதுக்காக நான் போகல. உன் நோட்டு பொய்னு நிரூபிக்கத்தான் போனேன்.

டவுன்ல தேரடித் தெரு ஸ்டேஷனரி கடைக்குப் போய், கட்டம் போட்ட நோட்டு குடுன்னேன். பிரிச்சேன், வளைஞ்சிருந்தது. வேற கம்பெனி குடுன்னேன், அதுவும் வளைஞ்சிருந்தது. நாலாவது நோட்டுல கடைக்காரன் கடுப்பாயி, "ஏன் பெரியவரே, என் கடையை மூடிட்டுப் போகட்டுமா?"ன்னு அடி ஸ்கேலை எடுத்து கோட்டு மேல வெச்சான். ஸ்கேலும் வளைஞ்சிருந்தது.

அப்பதான் கண்ணை மாத்தி மூடினேன். இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட இடதை மூடி வலதால பாத்தது இல்ல. கோடெல்லாம் நேரா நின்னுச்சு, பரேடு மாதிரி. சரி, கடைக்காரன் சிரிக்கிறானான்னு திருப்பி இடதால அவனைப் பாத்தேன். ரெண்டு காது இருந்தது. சட்டை இருந்தது. மூஞ்சி இல்ல.

நான் அங்கயே ஒரு அட்டைப்பெட்டி மேல உக்காந்துட்டேன். இதை யாருகிட்டயும் சொல்லாத.

உங்க அத்தைதான் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனா. என் கண்ணை மிஷின்ல பாத்த டாக்டரம்மா எட்டு சின்ன டாக்டருங்களைக் கூப்பிட்டு, "வாங்க வாங்க, இந்த மாதிரி கண்ணு ஆயிரத்துல ஒண்ணு"ன்னாங்க. ஊசி போட வந்தவங்க "பயப்படாதீங்க"ன்னாங்க. "தேரு சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னவன்மா நான்"னு சொன்னேன். கண்ணுக்குள்ள ஊசி எறங்குது, நான் இமைக்கல. உங்க அத்தை வேற மாதிரி சொல்லுவா, நம்பாத. நான் சத்தம் போட்டது ஊசிக்கு இல்ல, ஃபேனுக்கு.

டாக்டரம்மா சொன்னதை எழுதறேன். இடது கண்ணுல நடுவுல தழும்பு விழ ஆரம்பிச்சிடுச்சாம். ரெண்டு மூணு மாசம் முன்ன வந்திருந்தா நெறைய காப்பாத்தியிருக்கலாமாம். இப்ப மாசா மாசம் ஊசி போட்டு இருக்கறதைக் காப்பாத்தணும். வலதுலயும் ஆரம்பம்தானாம், ஆனா கசியல, காஞ்ச வகை. அதுல எப்ப கோடு வளைஞ்சாலும் அன்னிக்கே ஓடி வரணும்னாங்க. வலதும் போச்சுன்னா உங்க அத்தை மூஞ்சி போயிடும்.

ஜெயிச்சிட்டன்னு குதிக்காத. டாக்டரம்மா என் கண்ணைத்தான் பாத்தாங்க, உன் சுவரைப் பாக்கல.

சகாதேவன்


கீழ்பென்னாத்தூர்
28.7.2025

மாமாவுக்கு,

குதிக்கல. கடிதத்தைப் படிச்சிட்டு பூஜா அப்பா கிட்ட கூட சொல்லாம சமையல்கட்டுல நின்னேன், அவ்ளோதான். இப்ப தண்டனையைக் கேட்டுக்கங்க.

கட்டத் தாளுக்கு லேமினேஷன் போட்டு அனுப்பியிருக்கேன். சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. தினமும் காலையில பல்லு வெளக்கினதும் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கணும். வலது கண்ணுல என்ன தெரிஞ்சதுன்னு எழுதி, வாரத்துக்கு ஒரு தடவை எனக்குத் தபால்ல அனுப்பணும். ஒரு வாரம் வரலன்னா கம்ப்ளெயின்ட் பீரோவை விட்டு வெளிய வரும். ஊசி தேதியைத் தவற விட்டாலும் வரும். பீடி வாசனை அடிச்சாலும் வரும், அத்தை எனக்கு உளவு.

நீங்க இடிச்ச நாலு அடியை நான் கட்ட மாட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்க பாக்கட்டும். நீங்க வர்றதா இருந்தா என் வாசல் வழியா வரக் கூடாது. இடிச்ச ஓட்டை வழியாத்தான் குனிஞ்சு வரணும். வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லணும்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
24.8.2025

தமிழ்செல்விக்கு,

வாரக் கணக்கு முதல்ல. திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் வலது நேர். ரெண்டாவது ஊசியும் ஆச்சு, இந்தத் தடவை ஃபேனைக் கூட திட்டல. பீடிக்கட்டை வல்லரசு கிட்ட குடுத்துட்டேன். அவன் புடிக்கிற பொகையை எதிர்க்காத்துல நின்னு வாங்கறது இல்ல, உன் உளவுக்காரி சொன்னா பொய்.

ஜெயில்ல கூட ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. உன் தண்டனையில அது கூட இல்ல. உங்க அம்மா கன்னியம்மாளும் இப்படித்தான், சின்ன வயசுல என் கையை முறுக்கினா நான் அழற வரைக்கும் விட மாட்டா.

ஆனா ஓட்டை வழியா குனிஞ்சு வரணும்னு எழுதினியே, அங்கதான் உன் மாமனை நீ தப்பா கணக்குப் போட்டுட்ட. அந்த ஓட்டை இப்ப இல்ல. மூணு நாளா அன்பரசனைக் கூட்டிகினு வந்து நாலு அடியையும் அடைச்சிட்டேன். நூலோட ஒரு முனையை அவன் புடிச்சான், இன்னொரு முனையை நான் புடிச்சேன். கண்ணை நம்பல. நூல் விரல்ல விறைப்பா நிக்குதான்னு தொட்டுப் பாத்தேன். ஒவ்வொரு வரிக்கும் தூக்குகுண்டு விட்டுப் பாத்தான். "பெரியவரே, இந்த நாலு அடிதான் முழுச் சுவர்லயே நேரா இருக்குது"ன்னு அன்பரசன் என் காலைத் தொட்டு சொன்னான். நீ அவன்கிட்ட கேக்காத, அவன் கூச்சப்படுவான்.

இப்ப நான் உன் வாசல் வழியாத்தான் வரணும். வேற வழி கெடையாது. பதினோரு தட்டு சீரு, முன்னாடி நாதஸ்வரம், தவுல், ரோடே அடைபடும். நீ வாசல்ல நின்னு தாய்மாமனுக்கு ஆரத்தி எடுத்துத்தான் ஆகணும். இதுதான் நான் உனக்குப் போடற தண்டனை. எல்லாரும் வந்த பிறகு, சுவருக்கு முன்னாடி நின்னு, நீ கேட்டதை ஒரு தடவை சொல்லுவேன். சத்தமா சொல்லுவேன். காதுல விழலன்னு ரெண்டாவது தடவை கேட்டா மைக் செட்டு கதை ஞாபகம் இருக்கட்டும்.

இன்னிக்கு விடிஞ்சதும் சுவர் முனையில போய் குந்தினேன். மொதல்ல இடதை மூடிப் பாத்தேன். அப்புறம் வலதை மூடிப் பாத்தேன். பாத்ததை அப்படியே எழுத்துல தரேன், வேணும்னா கோர்ட்டுல காட்டிக்கோ.

வலது கண்ணுக்கு உன் சுவர் நேரா இருக்கு. இடது கண்ணுக்கு நீ இன்னும் திருடிதான்.

உன் தாய்மாமன்,
சகாதேவன்